இன்றைய தேதிக்கு உயிருடன் இருப்பவர்

"காட்சிக்கு வைக்கப்பட்டுள்ள படைப்புகளைப் பார்வையாளர்களோ ஊழியர்களோ எக்காரணம் கொண்டும் தொடக் கூடாது." ராஜபாளையத்தில் ஓவியக் கண்காட்சி நடந்த மண்டபத்தின் வாசலில் இந்த விதியைத் தட்டச்சு செய்து ஒட்டியிருந்தார்கள். நல்ல விதிதான். யாரையும் விட்டுவைக்கவில்லை, எந்தச் சாக்குக்கும் இடம் கொடுக்கவில்லை. மாலை போடுவது தொடுவதில் சேருமா என்பதை மட்டும் சொல்லவில்லை. எழுதியவரை நான் குறை சொல்ல மாட்டேன். கண்காட்சிப் படத்துக்கு ஒருவர் மாலை வாங்கிப் போடுவார் என்று எந்தக் கமிட்டி எதிர்பார்க்கும்?

மாலை விழுந்த படம் என் மகள் வரைந்தது. படத்தில் இருந்தது என் மனைவி.

மகள் செட்டியார்பட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியை. கோடை விடுமுறைக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டுக்கு வந்தவள், மாடி அறையைப் பூட்டிக்கொண்டு இந்தப் படத்தை வரைந்தாள். முடிந்ததும் என்னை மட்டும் கூப்பிட்டாள். எங்கள் தெரு அப்படியே இருந்தது. சாத்திய கதவுகள், குழாயடியில் வரிசையாகக் குடங்கள், எதிர்வீட்டுக்காரர் எப்போதும் நடுத்தெருவில் நிறுத்துகிற பைக். மின்கம்பிக்கு மேலே என் மனைவி மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தாள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுப்பாளே, அதே படுக்கை. ஒரு கை வயிற்றில், ஒரு கை கீழே தொங்க. அவளுக்கு அடியில் நீளமாக வெள்ளைத் துணி ஒன்று தெருவைத் தாண்டி, வயலைத் தாண்டி, மேற்கே மலை வரைக்கும் போயிற்று. சத்திரப்பட்டிப் பக்கம் மருந்துக்கட்டுத் துணியை வெளுத்து வெயிலில் காயப்போட்டிருப்பார்கள், அந்தத் துணி. அவள் நிழல்கூடத் தெருவில் சரியான இடத்தில் விழுந்திருந்தது. அப்புறம், இடது மார்பில் ஒரு சின்ன ஜன்னல். இரண்டு கதவும் திறந்து, உள்ளே ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"எதுமேல படுத்திருக்கா?" என்று கேட்டேன்.

"எதுமேலயும் இல்லப்பா."

"விழுந்துருவாளே."

"விழுந்தா முழிச்சிருவோம்ல. அவிய இன்னும் முழிக்கல."

இந்த மாதிரிப் படத்துக்கு இலக்கணம் என்ன என்று கேட்டேன். எதற்கும் ஒன்று இருக்கத்தான் வேண்டும் என்பது என் நம்பிக்கை. அவள் யோசிக்காமல் சொன்னாள். "எல்லாம் சரியா இருக்கணும்ப்பா. சேலை மடிப்பு, நகம், நிழல், கம்பி எல்லாம். ஒண்ணே ஒண்ணுதான் தப்பா இருக்கணும். அந்தத் தப்ப படத்துக்குள்ள இருக்கிற யாரும் கண்டுக்கக் கூடாது. அப்பத்தான் அது கனவு."

நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கருவூலத்தில் பாதி நாள் அப்படித்தான் போயிற்று என்றேன். அவள் சிரித்தாள்.

"தப்பு ஒண்ணுன்னு சொன்ன. நான் ரெண்டு பாக்கேன். மிதக்கிறது ஒண்ணு, ஜன்னல் ஒண்ணு."

"ஜன்னல் தப்பு இல்லப்பா," என்றாள். கொஞ்ச நேரம் தூரிகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "அது எங்கயிருந்து வந்துச்சுன்னு எனக்கே தெரியல."

பள்ளி திறந்த பிறகும் எங்கள் வீட்டிலிருந்தே வேலைக்குப் போய்வந்தவள், அந்தப் படத்தைக் கண்காட்சிக்கு அனுப்பி முடித்த பிறகுதான், என் மனைவி குளித்துவிட்டு வந்து, தலையைத் துவட்டியபடியே, இடது பக்கம் கட்டி மாதிரி ஒன்று தட்டுப்படுகிறது என்றாள். நானும் மகளும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். இரண்டு பேரும் தட்டைப் பார்த்தோம். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

ராஜபாளையத்தில் ஒரு மருத்துவமனையில் காட்டினோம். ஊசி போட்டுச் சதைத் துணுக்கு எடுத்து மதுரைக்கு அனுப்பினார்கள். ஒரு வாரத்தில் பதில் வந்துவிடும் என்றார்கள். பதில் வரும் வரைக்கும் இந்த விஷயம் எங்கள் மூன்று பேரைத் தாண்டி ஒரு வார்த்தை வெளியே போகக் கூடாது என்று என் மனைவி உத்தரவு போட்டாள். "இல்லேன்னு வந்துட்டா, அம்புட்டுப் பேரும் எதுக்கு அழுதோம்னு நம்மளத்தான் திட்டுவாக," என்றாள்.

வாரம் முடிந்தது. பதில் வரவில்லை. நான் நேரில் போய்க் கேட்டேன். கவுண்டரில் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு, "மதுரையிலயிருந்து இன்னும் வரல சார்," என்றாள். எப்போது வரும் என்றேன். "வந்ததும் சொல்லுவோம் சார்." இந்த வாக்கியத்தை நானே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அதை இந்தப் பக்கம் நின்று கேட்பது முதல் தடவை.

திரும்பும் வழியில்தான் கண்காட்சி மண்டபம். முந்தின நாள்தான் திறந்திருந்தார்கள். உள்ளே போனேன். மலை, மலையில் மேகம், கோபுரம், கோபுரத்தில் புறா, ஊர்ப் பேர் சொல்லும் வெள்ளை நாய் பல நிலைகளில். கோடிச் சுவரில் என் மனைவி. அவளுக்குக் கனமான சம்பங்கி மாலை. சட்டத்தின் மேல் சந்தனப் பொட்டு. கீழே ஒரு ஸ்டூலில் மெழுகுவத்தி, பக்கத்தில் வாழைப்பழத்தில் செருகிய ஊதுவத்தி. வயதான தம்பதி ஒன்று செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நின்றது.

பெரியவர் என்னைப் பார்த்துத் தணிந்த குரலில் கேட்டார். "சொந்தமா?"

"வீட்டுக்காரி."

"என்னைக்குத் தவறிட்டாக?"

இதற்குப் பதில் ரொம்பச் சுலபம். தவறவில்லை, வீட்டில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள். அதைத்தான் சொல்ல வாயைத் திறந்தேன். "இன்னும் இல்ல," என்று வந்தது.

அந்த அம்மாள் கணவரின் சட்டையைப் பிடித்து இழுத்தார். இருவரும் அவசரமாக நாய்ப் படங்கள் பக்கம் போய்விட்டார்கள்.

மண்டபக் காவலாளி வந்தார். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். நிற்பதிலேயே தெரிந்தது. யார் இந்த வேலை பார்த்தது என்று கேட்டேன்.

"நான்தான் சார். காலைல கதவத் தொறந்து லைட்டப் போட்டா அம்மா மொகம். கண்ண மூடி, வெள்ளத் துணில. இங்க மத்ததெல்லாம் நாயும் மலையும். ஆளுன்னு பாத்தா இவிய மட்டுந்தான். உசுரோட இருக்கவியள யாரு சார் இம்புட்டுப் பெருசா, கண்ண மூடி வரைவா? படத்த மாட்ட வந்த பாப்பா மொகமும் வாடியிருந்துச்சு. அம்மா நெனப்புல வரைஞ்சிருக்கும்னு நெனச்சேன். மாலை இல்லாம இருந்தா நல்லாவா இருக்கு?" நியாயமான ஆள் என்பதால் சேர்த்துக்கொண்டார். "நான் வேதக்காரன் சார், ஞாயித்துக்கெழம சர்ச்சுக்குப் போறவன். மெழுகுவத்திதான் நான் வச்சது. ஊதுவத்தி யாரு வச்சான்னு தெரியாது."

"அவ உயிரோடதான் இருக்கா."

அவர் கை தானாக வாய்க்குப் போயிற்று. பிறகு மாலையைக் கழற்றப் போனவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

"போட்ட மாலைய பாதில கழட்டலாமா சார்?"

எனக்குத் தெரியவில்லை. இறந்தவர் படத்துக்குப் போட்ட மாலையை எப்போது கழற்றலாம், எதற்குப் பிறகு மாற்றலாம் என்பதற்கெல்லாம் வீட்டுப் பெண்களிடம் கணக்கு உண்டு. தவறுதலாகப் போடப்பட்ட மாலையை ரத்து செய்யும் முறையைப் பற்றி நான் எங்கும் படித்ததில்லை. இரண்டு ஆண்பிள்ளைகள், இரண்டு பேரும் அரசாங்கச் சம்பளம் வாங்கியவர்கள், ஒரு முழம் சம்பங்கியைத் தொடப் பயந்து நின்றோம்.

கமிட்டிச் செயலாளரைப் பார்க்கப் போனேன். மண்டபத்துக்குப் பின்னால் ஓர் அறையில் போனில் யாரிடமோ தெலுங்கில் "சரே, சரே" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வைத்ததும், நான் வாயைத் திறப்பதற்குள், "தெரியும் சார். காலைலயிருந்து போன். கண்காட்சி நடத்துறீங்களா, துட்டி வீடு நடத்துறீங்களான்னு கேக்குறாங்க," என்றார்.

நான் வாசலில் ஒட்டியிருந்த விதியை வரி மாறாமல் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். "விதி நீங்க சொல்றதுதான். மாலை தொடுறதுல சேருமான்னு கமிட்டி கூடித்தான் முடிவு பண்ணணும்."

"கமிட்டி எப்பக் கூடும்?"

"கண்காட்சி முடிஞ்சதும்."

பதில் சரியாகத்தான் இருந்தது. நான் அங்கே உட்கார்ந்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன். பிறகு அவரே இரங்கி ஒரு வழி சொன்னார். படத்தை எடுத்துவிடலாம். எடுக்க மனமில்லை என்றால் கீழே ஓர் அட்டை வைக்கலாம். "படத்தில் இருப்பவர் உயிருடன் இருக்கிறார். அம்புட்டுதான். நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டுருங்க. கருவூலத்துல இருந்தவருக்குச் சொல்லணுமா?" அட்டையையும் தடித்த பேனாவையும் நீட்டினார்.

உண்மைதான். கருவூலத்தில் என் வேலையில் ஒரு பகுதி, ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் உயிருடன் இருக்கிறார்கள் என்று வருடா வருடம் உறுதி செய்வது. வரிசையில் வருவார்கள். நடந்து வருவார்கள், பேரன் தோளைப் பிடித்து வருவார்கள். ஒருவரை வேனில் கட்டிலோடு கொண்டுவந்தார்கள். நான் படியிறங்கிப் போய்ப் பார்த்தேன். கண்ணைத் திறந்து, "இந்த வருசமும் நீதானா," என்றார். கையெழுத்துப் போட்டேன். நேரில் வந்து நிற்பவனிடம் உயிரோடு இருப்பதற்கு வேறு ஆதாரம் கேட்கக் கூடாது, இதுதான் அங்கே எங்களுக்கு முதல் பாடம். அத்தனை வருடத்தில் ஒருநாளும் என் பேனா தயங்கியதில்லை.

செயலாளர் பார்த்துக்கொண்டிருந்தார். என்னால் எழுத முடியவில்லை. மதுரையில் எந்த மேசையிலோ அவளைப் பற்றிய கேள்வி ஒன்று பதிலில்லாமல் கிடக்கும்போது, இங்கே உட்கார்ந்து நான் எதற்குச் சான்று கொடுப்பது?

"ஆள் நேர்ல வராம நான் சான்று போடுறதில்ல," என்றேன்.

"உங்க வீட்டம்மாவத்தான சார்?"

"யாரா இருந்தாலும்."

அவர் சிரித்தார். நல்ல நகைச்சுவை என்று நினைத்திருப்பார்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது வாசலில் ஒரு ஆட்டோ நின்றது. சுந்தரபாண்டியத்திலிருந்து என் அக்கா வந்திருந்தாள். யாரோ போன் பண்ணி, உன் தம்பி பெண்டாட்டி படத்துக்கு மாலை போட்டிருக்கிறார்கள், உனக்குச் சொல்லவில்லையா என்று கேட்டிருக்கிறார்கள். சொல்லாமல் விட்டார்களே என்ற ஆத்திரமும் சாவின் துக்கமும் சேர, வழியெல்லாம் அழுதுகொண்டு வந்திருக்கிறாள். கதவைத் திறந்தது என் மனைவி.

"வாங்க மதினி. என்ன, அழுதுட்டு வாரிய?"

அக்கா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாளாம். நான் உள்ளே நுழையும்போது தண்ணீர் குடித்துத் தெம்பாகி, மகளைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, பெத்தவளத் தூக்கி அந்தரத்துல மெதக்க விட்டுருக்கியே, எறக்கி விடத் தெரியாதா ஒனக்கு?"

"அது கனவு அத்தை."

"கனவுல ஆயிரம் வரும். அம்புட்டையும் சொவத்துல மாட்டுவியா? மாலை விழுந்த படம் வீட்டுக்கு ஆகாது. எடுத்து எரிச்சிரு. ஏலே தம்பி, நீயாவது சொல்லு."

மகள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "எடுத்துட்டு வந்துருதேன்," என்றாள். அந்தக் குரலில், படத்தை மட்டும் சொல்லவில்லை, வரைவதையே விட்டுவிடுகிறேன் என்று சொல்வது எனக்குக் கேட்டது. அக்காவுக்குக் கட்டியைப் பற்றித் தெரியாது. அதுவும் தெரிந்து, படத்தையும் பார்த்திருந்த நானும் மகளும் அந்தச் சின்ன ஜன்னலைத்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

என் மனைவி கீரையைக் கழுவி வைத்துவிட்டு வந்து என்னைக் கேட்டாள். "என்ன மாலை?"

"சம்பங்கி."

"நல்ல மாலையா, வாடினதா?"

"நல்லாத்தான் கட்டியிருந்தாங்க."

"நாளைக்கு நானும் வாரேன். எனக்குப் போட்ட மாலைய நான் பாக்க வேண்டாமா?"

மறுநாள் நால்வரும் பஸ் ஏறினோம். தடுக்கத்தான் வருகிறேன் என்று சொல்லி அக்காவும் வந்தாள். வழியில் மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. மகள் எடுத்தாள். "சரிங்க," என்று மட்டும் மூன்று நான்கு தடவை சொன்னாள். பஸ் சத்தத்தில் அக்காவுக்குக் கேட்காது என்று தெரிந்துகொண்டு என் காதருகே வந்தாள். எடுத்த துணுக்கில் இன்னொரு சோதனையும் பார்க்க வேண்டியிருக்கிறதாம், அதனால் தாமதம். இன்னொரு சோதனை எதற்கு என்று கேட்டாயா என்றேன். கேட்டேன், உறுதி செய்ய என்றார்கள் என்றாள். எதை உறுதி செய்ய என்று இருவருமே கேட்டுக்கொள்ளவில்லை. முன் இருக்கையில் என் மனைவி ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள். ஒரு கை மடியில், ஒரு கை தொங்க. பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அவள் விழிக்கவில்லை. நான் கையை நீட்டி அவள் தோளைத் தொட்டுவிட்டேன். "எறங்கணுமா?" என்றாள்.

மண்டபத்தில் காவலாளி அவளைப் பார்த்ததும் விறைத்து நின்றுவிட்டார். படத்தை ஒருமுறை பார்த்தார், அவளை ஒருமுறை பார்த்தார். "அம்மா, தெரியாமச் செஞ்சிட்டேம்மா."

"நல்ல மாலையாத்தான் போட்டிருக்கிய," என்றாள்.

படத்தின் முன்னால் நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். வெள்ளைத் துணி எங்கே போகிறது என்று மலை வரைக்கும் பார்த்தாள். தெருவைப் பார்த்தாள். எதிர்வீட்டு பைக்கைப் பார்த்து, "இங்கயும் நடுத்தெருவுலதானா," என்றாள். கடைசியாக ஜன்னலுக்கு வந்தாள்.

"ஏட்டி, இத எப்ப வரைஞ்ச?"

"லீவுல."

"கட்டி தெரியுறதுக்கு முந்தியா?"

"ஆமாம்மா." மகள் அழவில்லை. ஆனால் அவள் கைகள் சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தன.

"என்ன கட்டி?" என்றாள் அக்கா.

அக்கா எங்கள் மூன்று முகங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு படத்தைப் பார்த்தாள். புரிந்துவிட்டது. முந்தாணையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள். அதன் பிறகு அந்தப் படத்தை எரிக்க வேண்டும் என்று அவள் ஒருநாளும் சொல்லவில்லை.

என் மனைவி ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வெளக்கு எரியுதுல்ல," என்றாள். "அப்ப உள்ள ஆளு இருக்கு."

சொல்லிவிட்டுக் கையை நீட்டி மாலையைத் தூக்கினாள். காவலாளி பதறி ஓர் அடி முன்னால் வந்தார். "அம்மா, வேண்டாம்மா. செத்தவியளுக்குன்னு நெனச்சுப் போட்டது."

"நெனச்சது நீங்க. போட்டது எனக்கு." மாலையின் ஒரு முனையில் நாரைப் பிரித்து, ஒரு சாண் பூவை அறுத்து எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள்.

"ஏட்டி," என்றாள் அக்கா. ஒரு சொல்தான். அதில் எல்லா சாஸ்திரமும் இருந்தது.

"எங்க ஊர்ல ஒருத்தி தான் சூடிப் பாத்துட்டுத்தான் சாமிக்கே அனுப்பி வச்சா. இன்னைக்கும் அங்க அப்படித்தான் நடக்கு. அந்த ஊர்ல வாக்கப்பட்டவளுக்கு எந்த மாலை மதினி தீட்டு?"

ஆடி மாதம் தவறாமல் அந்தக் கோயிலுக்கு வந்து கைகூப்பி நிற்பவள்தான் அக்காவும்.

பிறகு என் மனைவி என் பக்கம் திரும்பினாள். செயலாளர் சொன்ன வழியை வீட்டில் சொல்லியிருந்தேன். அவர் கொடுத்த அட்டை எழுதப்படாமல் என் பையிலேயே இருந்ததைச் சொல்லவில்லை. அது அவளுக்கு எப்படித் தெரியும் என்று எனக்குத் தெரியாது. வீட்டுப் பெண்கள் பையைச் சோதிப்பதற்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டியதில்லை.

"எழுதுங்க."

"பதில் வரட்டும்."

"பதிலுக்கும் இதுக்கும் என்ன? நான் நேர்ல வந்து நிக்கேன்ல?"

நான் பேனா மூடியைக் கழற்றி, மறுபடி மூடினேன்.

"நீங்க வருசா வருசம் போட்டியளே கையெழுத்து, அது எத்தன நாளைக்குச் செல்லும்?"

"போட்ட தேதிக்குத்தான்."

"மறுநாள் அவருக்கு ஒண்ணு ஆயிட்டா?"

"அது என் பொறுப்பில்ல. அன்னைக்கு இருந்தாரு. அதுக்குத்தான் சான்று."

"அப்ப அம்புட்டுக்கு எழுதுங்க. நான் அதுக்கு மேல கேக்கல."

ஸ்டூலில் இருந்த மெழுகுவத்தியை நகர்த்திவிட்டு அட்டையை வைத்து எழுதினேன். "இந்தப் படத்தில் இருப்பவர் இன்றைய தேதிக்கு உயிருடன் இருக்கிறார். நேரில் கண்டு உறுதி செய்தேன்." கையெழுத்து, கீழே தேதி. முத்திரை இல்லை. தணிக்கைக்குப் போனால் கேள்வி வரும்.

காவலாளி குனிந்து படித்தார். பட்டாளத்துக்காரர், உத்தரவை முழுதாகப் படிக்கிறவர். "சார், இன்னைக்குத் தேதி போட்டுருக்கிய. நாளைக்கு வந்து படிக்கிறவன் என்ன நெனப்பான்?"

சரியான ஆட்சேபம். என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது. "நாளைக்கு நாளைக்குள்ளதப் போடுவேன்."

அப்படித்தான் அது தொடங்கியது. தினமும் காலையில் பஸ் ஏறி ராஜபாளையம் போய், மருத்துவமனைக் கவுண்டரில் கேட்டு, "வரல சார்" என்ற பதிலை வாங்கிக்கொண்டு, மண்டபத்துக்குப் போய் அட்டையை மாற்றினேன். என் மனைவி வந்த நாளில் நேரில் கண்டேன். வரமுடியாத நாளில் வீடியோவில் கூப்பிட்டேன். முகத்தைக் கைப்பேசியில் காட்டினாலே சான்று செல்லும் என்று இப்போது ஏற்பாடே இருக்கிறது. என் காலத்தில் அது இல்லை. கருவூலம் இவ்வளவு முன்னேறும் என்று நாங்கள் நினைத்ததில்லை.

"பாத்தாச்சா?" என்பாள் அடுப்படியிலிருந்து.

"கொஞ்சம் வெளிச்சத்துக்கு வா."

"தோச கருகுது."

"சரி. கண்டேன்."

கூட்டம் வரத் தொடங்கியது. படத்தைப் பார்க்க என்பதைவிட அட்டையைப் பார்க்க. தேதி மாறியிருக்கிறதா என்று மில் வேலை முடிந்து வருகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். "இன்னைக்கும் இருக்காக," என்று ஒருவர் இன்னொருவரிடம் சொல்வதை நானே கேட்டேன். செயலாளர் மகிழ்ச்சியாக இருந்தார். விதி மீறலைப் பற்றி நான் எழுதிக் கொடுத்த மனுவைக் கோப்பில் வைத்திருப்பதாகச் சொன்னார். காவலாளி தினமும் ஒரு சாண் பூவை இலையில் மடித்து என்னிடம் கொடுத்தார். "அம்மாவுக்கு," என்பார். வேறு எதுவும் சொல்ல மாட்டார்.

மத்தியானம் வீடு திரும்பினால் அவள் சாப்பிட்டுப் படுத்திருப்பாள். அந்த நேரம்தான் தாங்க முடியாதது. தெருவில் வெயில் அசையாமல் நிற்கும். கதவுகள் சாத்தியிருக்கும். குழாயடியில் குடங்கள் வரிசையாக இருக்கும். எல்லாம் அதனதன் இடத்தில், மகள் சொன்ன மாதிரி, ஒவ்வொரு நிழலும் சரியாக விழுந்து கிடக்கும். எங்கேயோ ஒன்று மட்டும் தப்பாக இருக்கிறது என்று தெரியும். தெருவில் யாரும் அதைக் கண்டுகொள்ள மாட்டார்கள். ஐஸ் வண்டிக்காரன் மணியடித்துக்கொண்டு போவான். நான் நாற்காலியில் உட்கார்ந்து அவள் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இறங்கிய பிறகு மறுபடி ஏறுவதற்குச் சில சமயம் அதிக நேரம் ஆகிறமாதிரி இருக்கும். நான் எழுந்துவிடுவேன். அதற்குள் ஏறிவிடும்.

பதில் தாமதமானால் நினைவூட்டு எழுத வேண்டும். அதற்கும் பதில் இல்லை என்றால் இரண்டாம் நினைவூட்டு, பிறகு மேலதிகாரிக்கு நகல். இது எனக்குத் தூக்கத்தில் தெரியும். ஆனால் மருத்துவமனைக்கு நான் எதுவும் எழுதவில்லை. பதில் வராத மனுவுக்கு ஒரு சலுகை உண்டு, அது இன்னும் மறுக்கப்படவில்லை. இதுவும் பணிக்காலத்தில் கற்றதுதான். அப்போது மனுதாரர்கள் ஏன் எழுதிக் கேட்காமலே இருக்கிறார்கள் என்று எரிச்சல்பட்டிருக்கிறேன்.

கண்காட்சி முடிந்தது. படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். மாடியில் வைத்துவிடலாம் என்றாள் மகள். "மெதக்குறவ மாடில எதுக்கு? கூடத்துல மாட்டு," என்றாள் என் மனைவி. மாட்டினோம். கீழே அட்டை. இனி யாருக்கு அந்த அட்டை என்று நான் கேட்கவில்லை. காலையில் காபி குடித்ததும் புதுத் தேதி போட்டேன்.

ஆடிப்பூரம் வந்தது. ஊர் நிறைந்தது. வீட்டிலும் ஆட்கள். அக்கா முந்தின நாளே வந்து தங்கிவிட்டாள். தேரன்று விடிந்ததும் குளித்து ஈரத் தலையோடு வந்து கூடத்தில் நின்றாள். படத்தைப் பார்க்காமல் அட்டையை மட்டும் பார்த்தாள். "ஏலே, இன்னைக்கு இன்னும் போடலியா? மொதல்ல அதப் போடு. பொறவு தேர் பாக்கலாம்," என்றாள். போட்டேன். தேர் அசைந்து, தெருக்களைச் சுற்றி, நிலைக்கு வந்து சேர்ந்தது. வந்தவர்கள் சாப்பிட்டுக் கிளம்பிப் போனார்கள்.

மறுநாள் காலை கைப்பேசி அடித்தபோது என் மனைவி அடுப்படி வாசலில் உட்கார்ந்து, முந்தின நாள் பாத்திரங்களை யார் வீட்டது என்று பிரித்துக்கொண்டிருந்தாள். மருத்துவரே பேசினார். நேரில் வருகிறீர்களா என்றார். நான் என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் என் மனைவி, "சத்தமா வைங்க," என்றாள். மகள் ஒலிபெருக்கியைப் போட்டாள்.

கெட்ட கட்டிதான் என்றார். சின்னதாக இருக்கும்போதே பார்த்துவிட்டோம், பரவியதற்கு அடையாளம் இல்லை, அடுத்த வாரமே மதுரையில் அறுவை சிகிச்சை வைத்துக்கொள்ளலாம், பயப்படும்படி இப்போது இல்லை என்றார். "இப்போது" என்ற சொல்லை அவர் அழுத்தவில்லை. எனக்குத்தான் அழுத்தமாகக் கேட்டது.

மகள் அம்மாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அக்கா சுவரோரம் நின்றாள். கூடத்தில் ஜன்னலுக்குள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. என் மனைவி கையிலிருந்த தூக்குச்சட்டியைத் திருப்பிப் பார்த்து, எதிர்வீட்டது என்று அந்தப் பக்கம் வைத்தாள். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"இன்னைக்குள்ள அட்டைய எழுதிட்டியளா?"

எழுதவில்லை என்றேன்.

"நேர்லதான் இருக்கேன். போடுங்க."

பேனாவை எடுத்தேன். இந்தப் படத்தில் இருப்பவர் இன்றைய தேதிக்கு உயிருடன் இருக்கிறார், நேரில் கண்டு உறுதி செய்தேன் என்று எழுதிக் கையெழுத்திட்டு, கீழே தேதி போட்டேன். ஆடிப்பூரத் தேர் நிலைக்கு வந்ததற்கு மறுநாள்.